மிதக்கும் ஒரு சதம்

நாட்குறிப்பில் முதலில் காற்றை எழுதுவேன். பிறகு கடலை. மனிதர் அதற்குப் பிறகுதான். திருகோணமலையிலேயே ஐம்பத்துமூன்று வருடம் இருந்தவனுக்கு இந்த ஒழுங்கு விசித்திரமாகத் தெரிவதில்லை. காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சந்தையில் மீன் இருக்குமா, குசினிக் கூரை ஒழுகுமா, மனைவி எந்தக் குரலில் கூப்பிடுவாள் என்பதெல்லாம் பாதி தெரிந்த மாதிரி.

முதலாவது காசை வாங்கிய நாளின் பக்கம் இது: "கச்சான் காற்று, மெல்லியது. உட்துறைமுகம் அசையவில்லை. கிண்ணியாவில் வெள்ளி ஐம்பது சதம் ஒன்று. ஐந்து கிராமும் புள்ளி எட்டு மூன்றும். சரி."

"சரி" என்று எழுதியபோது வந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்திய மாதங்களில் எதுவும் சரியாக இருக்கவில்லை. ரூபாய் விழுந்த வருடம் அது. எண்ணெய்க்கும் வரிசை, சமையல் காஸுக்கும் வரிசை. வங்கிப் புத்தகத்தில் நானும் மனைவியும் சேர்த்து வைத்த தொகை எழுதியபடியே இருந்தது. அதைக் கொடுத்து வாங்கக்கூடியது மட்டும் பாதியாகிவிட்டது. எனக்கு அலுவலகத்தில் பதிவறைதான் பொறுப்பு. எழுதி வைத்தது எழுதியபடியே இருந்துகொண்டு உள்ளே கரைந்துபோகும் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தச் சேமிப்பு ஒரு பயணத்துக்கானது.

என் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. சண்டைக் காலத்தில் அக்கா கணவனோடு படகேறி இந்தியாவுக்குப் போனா. அதே படகில் என் மனைவியும் போகவேண்டியது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. புறப்படுகிற அன்று காலை அவளுக்கு அம்மாள் வருத்தம் போட்டுவிட்டது; உடம்பெல்லாம் கொப்புளம். படகுக்காரன் ஏற்றமாட்டேன் என்றான். "அடுத்த படகிலை வாடி" என்று அக்கா சொன்னாவாம். அடுத்த படகு வரவில்லை. அக்கா இன்னும் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில்தான் இருக்கிறா. கணவன் இறந்துவிட்டார். நீரிழிவால் ஒரு கண் முற்றாகப் போய்விட்டது. மற்றக் கண்ணும் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வருகிறது.

போனில் முகம் பார்த்துக் கதைக்கலாம்தான். ஆனால் அக்கா ஒருநாள் சொன்னா: "நீ இதுக்குள்ளை முத்திரை மாதிரித் தெரியிறாயடி. எச்சில் தொட்டுக் கடிதத்திலை ஒட்டலாம் போலை கிடக்கு. நேரிலை வா. வெளிச்சம் முடிய முந்தி வா."

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடப்போகிறது என்று கதை அடிபடத் தொடங்கியதும் நாங்கள் இருவரும் கடவுச்சீட்டு எடுத்தோம். இரண்டு பேருக்கும் போக்குவரத்துச் செலவு, அக்காவுக்கு ஏதாவது கொண்டுபோகக் காசு, ஒரு மாதம் தங்கக் காசு. அதைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம். அது பாதியாகிய பிறகு, மாதம் மாதம் மிஞ்சும் சின்னத் தொகையை வங்கியில் போட எனக்கு மனம் வரவில்லை. தங்கம் எங்கள் கைக்கு எட்டாது. காணி பற்றிக் கதைக்கவே தேவையில்லை. பழைய காசு வாங்கலாம் என்ற யோசனை ஒரு மத்தியானம், பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது வந்தது.

ஏன் அங்கே வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழே தண்ணீரில் வெயில் துண்டு துண்டாக மினுங்கிக்கொண்டிருந்தது. பாலம் வருவதற்கு முன் அதே இடத்தில் பாதையில் ஏறிக் கடந்திருக்கிறேன். பஸ்ஸும் மாடும் மனிதரும் ஒன்றாக மிதந்து போகும் அந்த இரும்புத் தட்டை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். அதற்குக் கொடுத்த சில்லறைகள் இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்தேன். ரூபாய் விழுந்தாலும் அந்த வெள்ளி வெள்ளியாகவே இருக்கும் அல்லவா? பாதைக்குக் கொடுத்தது வெள்ளிக்காசே அல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆனால் யோசனை மனதில் தங்கிவிட்டது.

கிண்ணியாவில் பழைய சாமான் கடை வைத்திருந்தவரை, அந்த ஊர் முஸ்லிம் வழக்கப்படி அண்ணன் முறையில், நானா என்று கூப்பிடுவேன். என் வயதுதான்; என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். கடைக்குள் பித்தளை விளக்கு, ஓடாத மணிக்கூடு, உடைத்த கப்பல்களிலிருந்து வந்த வட்டச் சன்னல், காசு நிறைந்த பிஸ்கற் தகரம் என்று எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். முதல் நாள் நான் சட்டைப் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன் பக்கத்தில் வைத்தேன்.

நானா இரண்டையும் பார்த்தார். "சேர் காசு வாங்க வந்தீங்களா, என்னப் பிடிச்சுக்கொண்டு போக வந்தீங்களா?"

"சோதிச்சுப் பாத்து வாங்கவேணும் எண்டு வாசிச்சனான்."

"வாசிங்க, வாசிங்க. காசும் உங்கள வாசிக்கும்."

மாதம் ஒன்று என்று முடிவுசெய்தேன். அதற்குமேல் ஒருமாதமும் வாங்கியதில்லை. ஓட்டோவை விட்டு பஸ்ஸில் போனது, அலுவலகக் கன்ரீனில் தேத்தண்ணி குடிக்காமல் விட்டது, இவ்வளவில்தான் அந்தத் தொகை வந்தது. ஒரு மாதம் வெள்ளி, அடுத்த மாதம் செம்பு. வெள்ளிக்கு எடை இருக்கிறது. காசாக ஒருவருக்கும் வேண்டாம் என்றாலும் உலோகமாகப் போகும். செம்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அரிதான செம்பு கிடைத்தால் வெள்ளியைவிடப் பலமடங்கு வரும். ஒல்லாந்தர் காலத்துத் துட்டு ஒன்றின் முகத்தில் மூன்று எழுத்துக்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. புத்த ஜயந்திக்கு அடித்த ஐந்து ரூபாய் உள்ளங்கையில் தேங்காய்ச் சொட்டுப் போலக் கனத்தது. இரண்டாம் வருடம், மூன்று மாதத்துக் காசை முன்கூட்டியே சேர்த்து, ஒரு சேது காசு வாங்கினேன். யாழ்ப்பாணத்து அரசர்கள் அடித்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் எருது, கீழே "சேது" என்ற எழுத்து. புளியங்கொட்டை நிறம். என் பயணத்தில் பாதி அந்த எருதின் முதுகில்தான் இருந்தது.

அதை வாங்கிய அன்று நானா ஒரு கைப்பிடி அலுமினியச் சதங்களையும் கடதாசியில் சுற்றித் தந்தார். "இது சும்மா. பிள்ளைகளுக்கு விளையாட."

"எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நானா."

"அப்ப நீங்க விளையாடுங்க."

வீட்டில் மேசையில் கொட்டியதும் மனைவி குனிந்து பார்த்தாள். அதுவரை என் காசுகளில் ஒன்றையும் அவள் விரும்பிப் பார்த்ததில்லை. ஒரு சதத்தை விரலால் தள்ளி எடுத்தாள். சின்ன வட்டம், இறகுபோல் பாரமில்லை. குசினிக்குப் போய்ப் பேசனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஆடி ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு அந்தச் சதத்தை விரல் நுனியில் படுக்கவைத்து, தண்ணீரின்மேல் மெல்ல இறக்கி, விரலை எடுத்தாள்.

காசு மிதந்தது.

தண்ணீர் அதன் விளிம்பைச் சுற்றிச் சற்றுக் குழிந்து, அதைத் தாங்கிக்கொண்டது. சன்னலால் வந்த வெயில் பேசனின் அடியில் விழ, காசின் நிழல் அங்கே காசைவிடப் பெரிதாக, ஒளி விளிம்போடு கிடந்தது. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"அக்கா காட்டித் தந்தவ," என்றாள். "மிட்டாய் வாங்கத் தாற சதத்தை வாளியிலை விடுவம். ஆரின்ரை காசு கூட நேரம் நிக்குதோ அவவுக்கு மற்றவவின்ரை மிட்டாய். எப்பவும் அக்காவின்ரைதான் நிக்கும்."

"அது எப்பிடி எப்பவும்?"

"தலையிலை எண்ணெய் தடவிப்போட்டு அந்தக் கையாலை காசைப் பிடிக்கிறவ. கள்ளி. எனக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் விளங்கினது."

அன்று மாலைவரை அந்தப் பேசன் அப்படியே இருந்தது. குடத்து நீரில் நிலவு மாதிரி என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். அப்படி இல்லை. தண்ணீர்மேல் ஒரு சதம் மாதிரித்தான் இருந்தது. நாட்குறிப்பில் அதை முப்பத்தெட்டாம் எண்ணாகப் பதிந்தேன். முப்பத்தேழு வாங்கியதும் நிறுத்தி விற்பது என்று முன்பே கணக்கு; வாங்காத ஒன்றுக்கு அதற்கு அடுத்த எண்.

இனி என் பிழையை எழுதவேண்டும்.

பழைய காசை மினுக்கக்கூடாது என்று நான் முதல் வாரத்திலேயே வாசித்துத் தெரிந்துகொண்டேன். மினுக்கினால் மேற்தோல் போய்விடும். அந்தத் தோலுக்குத்தான் விலை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் விளக்கும் செம்பும் புளி போட்டு மினுக்குவது வழக்கம். அதனால் மனைவிக்கு மூன்று தடவை சொன்னேன்: "இஞ்சை பாரும், புளியும் சாம்பலும் இந்த அலுமாரிக்குக் கிட்ட வரப்படாது."

"வராது. நானும் கிட்ட வரேல்லை. மூலஸ்தானம் மாதிரி வெளியிலை நிண்டு கும்பிடுறன்."

அவள் ஒருநாளும் தொடவில்லை. தொட்டது நான்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி எங்கள் வீட்டில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. ஆட்கள் தப்பினோம். என்னுடைய பதினாறு வருட நாட்குறிப்புகள் களியாகிப் போயின. பிறப்புச் சாட்சிப்பத்திரம், பரீட்சைப் பெறுபேறு, காணி உறுதி எல்லாவற்றையும் மறுபடி எடுக்க இரண்டு வருடம் அலைந்தேன். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் லமினேற் பண்ணினேன். நான் மட்டுமல்ல, இந்தக் கரையில் எந்த வீட்டிலும் லாச்சியைத் திறந்து பாருங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் மூடிய வாழ்க்கைதான் இருக்கும். இடம்பெயர்ந்த சனமும் கடல் அடித்த சனமும் கடதாசியை உறையில்லாமல் விடமாட்டார்கள். என் மனைவியின் தடுப்பூசி அட்டையையும் அரிசிப் பங்கீட்டு அட்டையையும்கூட நான் விடவில்லை.

காசு வாங்கத் தொடங்கிய இரண்டாம் வருட வாடைக் காற்றில் கூரை ஒழுகி அலுமாரியின் மேற்தட்டு நனைந்தது. காசுகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எனக்குள் ஏதோ நடந்துவிட்டது. காசுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது என்று வாசித்திருந்தேன். காற்றும் ஈரமும் போகாதது எது? அடுத்த சனிக்கிழமை நகரத்தில் லமினேற் உறைகள் ஒரு கட்டு வாங்கினேன். கடையிலுள்ள இயந்திரத்துக்குள் காசு போகாது, தடிப்பு. அதனால் வீட்டு மேசையில் துவாயை விரித்து, ஒவ்வொரு காசையும் அதன் விபரம் எழுதிய சிறிய அட்டையோடு உறைக்குள் வைத்து, மேலே துணி போட்டு, உடுப்பு அழுத்தும் அயனால் நான்கு பக்கமும் ஒட்டினேன். பிறகு காசின்மேலும் ஒருதரம் மெதுவாக அழுத்தினேன், உள்ளே காற்று நிற்கக்கூடாது என்று. ஓரங்களை அடிமட்டம் வைத்து வெட்டினேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "என்னப்பா செய்யிறியள்?"

"பாதுகாப்பு."

"என்னையும் ஒருநாள் இப்பிடி அழுத்திப் போடுவியள். மறக்காமல் எண் போடுங்கோ."

அன்றிலிருந்து வாங்கிய ஒவ்வொரு காசும் வாங்கிய அன்றே உறைக்குள் போனது. அலுமினியச் சதத்தையும் நான் விடவில்லை. "எண் 38. ஒரு சதம். அலுமினியம். மதிப்பு: இல்லை" என்று அட்டையில் எழுதினேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். உட்துறைமுகம் முழுவதையும் இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து யாரோ அழுத்தியிருக்கிறார்கள். தோணி ஒன்று பாதி திரும்பியபடி நிற்கிறது. கடற்காகத்தின் சிறகு விரிந்தபடி. கோணமலைப் பாறையின் நிழல் தண்ணீரில் ஒரு மடிப்பும் இல்லாமல் கிடக்கிறது. எங்கள் நகரத் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு கரையில் தலை குனிந்து நிற்கின்றன. அவற்றின் வாயில் கடித்த புல் அப்படியே. ஓரங்கள் எல்லாம் ஒட்டியாகிவிட்டது, இனி ஒன்றுக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் நிம்மதியாகக் கரையில் நடக்கிறேன். விழித்தபின்னும் அந்த நிம்மதி வெகுநேரம் உடம்பில் இருக்கும். அது கெட்ட கனவு என்று ஒருபோதும் எனக்குத் தோன்றவில்லை.

முப்பத்தேழாவது காசு வாங்கிய மாதம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. போனில் முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துத் தேடினா. "நிக்கிறியோ? எந்தப் பக்கம் நிக்கிறாய்?" என்று கேட்டா. மனைவி முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், "இஞ்சை, அக்கா, இஞ்சை" என்றாள். அக்கா சிரித்தா. "மஞ்சளாய் ஒரு உருண்டை தெரியுது. நீயோ லைற்றோ?" அழைப்பு முடிந்தபின் மனைவி குசினிக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

மறுநாளே நானாவுக்கு அறிவித்தேன். கொழும்பிலிருந்து பழைய காசு வாங்குபவர் ஒருவர் அவருடைய கடைக்கு வருடத்தில் இரண்டு தடவை வருவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கொண்டுவாருங்கள் என்றார் நானா.

ஞாயிறு காலை காசு உறைகளை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் எண் வரிசைப்படி அடுக்கினேன். மனைவி வாசல்வரை வந்தாள். "ரெண்டு ரிக்கற்றுக்கு வருமோ?"

"அதுக்கு மேலையும் வரும்," என்றேன். "சேது காசு ஒண்டே போதும்."

கொழும்பிலிருந்து வந்தவர் மெலிந்த மனிதர்; வெள்ளைச் சட்டை; தாழ்ந்த குரல். நான் பெட்டியைத் திறந்து முதலாவது உறையை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டாவதை அதன் பக்கத்தில். மூன்றாவதை வைப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

நானா எட்டிப் பார்த்தார். "அல்லாவே! சேர், இதுகளுக்கு ஐடென்ரிக் கார்ட் எடுத்துட்டீங்களா? படம் ஒட்டல்லையா?"

நானும் சிரித்தேன். கொழும்பிலிருந்து வந்தவர் சிரிக்கவில்லை. உறையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "நீங்களே செய்தீங்களா?"

"ஓம்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"ரொம்ப நேர்த்தியாச் செய்திருக்கீங்க," என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

சேது காசு இருந்த உறையை அவரே தேடி எடுத்தார். என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். சவரத் தகட்டால் ஒரு ஓரத்தை வெட்டி, பிளாஸ்டிக்கைக் காசின் முகத்திலிருந்து மெல்ல உரித்தார். அது எழுப்பிய சத்தத்தை எழுத ஏலாது. எருதின் திமில் பிளாஸ்டிக்கோடு வந்தது. காசில் அந்த இடம் பச்சை பூத்து, பொடியாகக் கிடந்தது. நான் காற்றை வெளியே நிறுத்தவில்லை. காற்றோடு இந்தக் கடற்கரையின் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து அடைத்திருக்கிறேன். மேலே சூடும் போட்டிருக்கிறேன். மற்றச் செம்புக் காசுகளை அவர் வெட்டவே இல்லை. உறைக்கு வெளியிலிருந்தே பச்சை தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் அலுமாரியைத் திறந்து பார்த்த எனக்கு அது ஏன் தெரியவில்லை? அட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். எழுத்துச் சரியாக இருந்தது.

"வெள்ளிய நிறுத்து எடுக்கிறேன்," என்றார். "காசா இல்ல. வெள்ளியா. செம்பு வேணாம்."

நானா தன் கதிரையில் சாய்ந்தார். "சேர், நிறுக்கக் கேட்டீங்க, காந்தம் வச்சுப் பார்த்தீங்க, எல்லாம் கேட்டீங்க. இதச் செய்யப் போறேன் எண்டு ஒரு சொல் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

அவர் சொன்னது உண்மை. வாங்குவதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. வைத்திருப்பதைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளி அந்த மூன்று வருடத்தில் நன்றாக ஏறியிருந்தது. அது ஒன்றுதான் கை கொடுத்தது. வங்கியில் மிஞ்சியிருந்ததோடு சேர்த்தால், ஒருவர் போய்வரக் காணும். இரண்டு பேருக்குக் காணாது. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது கீழே தண்ணீர் அன்றுபோலவே மினுங்கியது. நான் மடியில் வெறும் பெட்டி மாதிரிக் கனமில்லாத பெட்டியை வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று வரி வரியாக எழுதிப் பார்த்தேன், மனதுக்குள். வீட்டுக்குப் போனதும் ஒரு வரியும் உதவவில்லை. சேது காசை மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

மனைவி அதையும் உரித்த பிளாஸ்டிக்கையும் பார்த்தாள். பிறகு, "நான் புளி போட்டிருந்தால் குறைஞ்சது மினுங்கியாவது இருக்கும்," என்றாள்.

அன்றும் மறுநாளும் தேவைக்கு மட்டும் கதைத்தாள். மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியை என் முன்னால் வைத்து, "நீங்கள் போய்ப் பாத்துக்கொண்டு வாருங்கோ. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது," என்றாள்.

"அக்கா என்னை ஏன் பாக்கவேணும்? நான் ஆர் அவவுக்கு?"

"நான் தனியக் கொழும்புக்கே போனதில்லை. கப்பலிலை எங்கை ஏறுறது, எங்கை இறங்கிறது?"

"ஏறுற இடம்வரைக்கும் நான் வருவன். இறங்கிற இடத்திலை அக்கா நிப்பா. நடுவிலை கடல்தானே. அங்கை வழி பிழைக்க இடமில்லை."

"நீங்கள் கதைக்கிறது எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும்," என்றாள். ஆனால் கடவுச்சீட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

புறப்பட்ட காலை பஸ் நிலையத்துக்கு முன்னால் மான்கள் நின்றன. ஒன்று அவளுடைய பையை மணந்து பார்த்தது. காங்கேசன்துறையில் காற்றுக் கடுமை என்று கப்பலை ஒரு நாள் பின்போட்டார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காற்று விழுந்தது. உள்ளே போகும் வரிசையில் நின்றபோது அவள் திரும்பி, "அந்தச் சதத்தை எடுத்துக்கொண்டு வந்திட்டன். கேக்காமல்தான்," என்றாள்.

"உறையோடையோ?"

"உறையோடை. நீங்கள் எழுதினதும் இருக்கு."

கப்பல் வெளிக்கிட்டது கரையிலிருந்து பார்க்கக் கப்பல் போவதுபோல் இருக்கவில்லை. கரைதான் மெல்ல நழுவுவதுபோல் இருந்தது. மேல்தட்டில் மஞ்சள் சேலை ஒன்று தெரிந்தது. அது அவள்தான் என்று நினைத்துக் கையைக் காட்டினேன். அவள் உடுத்தியிருந்தது பச்சை என்று பஸ்ஸில் திரும்பிவரும்போதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் அழைத்தாள். போனில் முதலில் தெரிந்தது தகரக் கூரை, பிறகு ஒரு வேப்பமரத்துக் கொப்பு, பிறகு தண்ணீர் நிறைந்த ஒரு சிவப்புப் பேசன். யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். மனைவியின் கையும் இன்னொரு கையும் பேசனின் விளிம்பில் இருந்தன. இரண்டு கையும் ஒரே மாதிரி, பெருவிரல் சற்று வெளியே வளைந்து.

அக்காவின் குரல் கேட்டது. "இதென்னடி வழுவழுக்குது?"

"உறை அக்கா. இவர் போட்டது. எண்ணும் போட்டிருக்கிறார்."

"என்ன எழுதிக் கிடக்கு? வாசி."

"எண் முப்பத்தெட்டு. ஒரு சதம். அலுமினியம். மதிப்பு இல்லை."

"இல்லையெண்டு எழுதினவரைக் கூப்பிடு. எனக்கு அவரோடை கதை இருக்கு."

"அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்."

"நல்லாக் கேக்கட்டும். வெட்டடி உந்த உறையை."

கத்தரிக்கோலின் சத்தம். உறை உரிந்தது. அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை; சற்று மங்கியிருந்தது, அவ்வளவுதான். அக்கா தலையில் கையைத் தடவிக்கொண்டது தெரிந்தது.

"அக்கா! இன்னும் எண்ணெய் வைக்கிறியோ? கள்ளி!"

"கண் போனாலும் களவு போகுமோ?"

அக்காவின் கை தண்ணீரைத் தேடியது. மனைவி அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். இரண்டு கையும் விலகின. படம் சற்று ஆடி நின்றது. தண்ணீர்மேல் வெயில் விழுந்து, போனில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிந்தது. அக்கா குனிந்தா. மூக்கு நுனி தண்ணீரில் படுமளவு குனிந்து, நல்ல கண்ணைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த மினுக்கத்தைத் தேடினா. தேடிப் பிடித்ததும் அசையவில்லை. பிறகு அப்படியே, தலையைத் தூக்காமல், முகத்தை மட்டும் திருப்பினா. மனைவியின் முகம் அங்கே, ஒரு சாண் தூரத்தில், அதேபோல் தண்ணீர்மேல் குனிந்திருந்தது. கீழிருந்து வெளிச்சம் இருவர் முகத்திலும் ஆடியது.

"அடியே," என்றா அக்கா. "உனக்கு நரைச்சுப்போச்சு."

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அக்கா போன் பக்கமாகச் சொன்னா: "தம்பி, இது இன்னும் தாழேல்லை."

அன்றைய பக்கத்தில் இதையெல்லாம் எழுதி முடித்தபின்தான் மேலே பார்த்தேன். காற்றை எழுத விட்டுப்போயிருந்தது. மறுநாள் நினைவிலிருந்து அதை நிரப்புவது சரியல்ல. அந்த வரி வெறுமையாகவே இருக்கிறது.